தீவுக்குப் பறந்த முதல் மருத்துவ விமானம்



நோயாளியைத் தோட்டத்து லாரியில் ஏற்றிக்கொண்டு, செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போன காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இடையில் கடலும் குறுக்கிட்டால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவு மக்களின் நிலை அதுதான். கடும் நோய் என்றால் கிளாஸ்கோ நகருக்குத்தான் வரவேண்டும். கப்பலோ காற்றுக்கும் அலைக்கும் அடங்கியது.

ஜான் சுவோர்ட் என்பவர் அங்கே பெரிய பஸ் நிறுவனம் ஒன்றின் நிர்வாகி. பஸ் ஓட்டத் தெரிந்தவர் விமானமும் ஓட்டிப் பார்க்கலாமே என்று எண்ணினார் போலும்! 1933ஆம் ஆண்டில் 'மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ஏர் ஃபெரீஸ்' என்ற சிறு விமான நிறுவனத்தைத் தொடங்கினார். கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள ரென்ஃபுரூவிலிருந்து கேம்பல்டவுன் வழியாக ஐலா தீவுக்கு விமானங்கள் பறந்தன. 'டிராகன்' என்னும் அந்த விமானத்துக்கு இரண்டு எஞ்சின்கள், மேலும் கீழுமாக இரட்டை இறக்கைகள். உடற்பகுதி ஒட்டுப்பலகையால் ஆனது. விமானிகளில் ஒருவர் வினிஃபிரட் டிரிங்க்வாட்டர் என்ற இளம்பெண். வயது இருபதுதான்!

1933 மே 14ஆம் தேதி, ஐலாவில் ஒரு மீனவருக்கு இரைப்பையில் துளை விழுந்து உயிர் ஊசலாடியது. இந்த நோய்க்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. விமானி ஜிம்மி ஓரல் அவரை ஏற்றிக்கொண்டு சுமார் ஒரு மணி நேரத்தில் ரென்ஃபுரூவில் இறக்கினார். கிளாஸ்கோவில் அறுவைச் சிகிச்சை நடந்தது, மீனவர் பிழைத்தார். ஸ்காட்லாந்தின் விமான ஆம்புலன்ஸ் வரலாறு அன்றுதான் தொடங்கியது.

அடுத்த மாதமே இந்நிறுவனத்தின் விமானம் பாரா தீவின் கடற்கரை மணலில் இறங்கியது.

ஆனால் நிறுவனம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுதான் நிலைத்தது. சுவோர்டின் பஸ் நிறுவனத்தில் ரயில் நிறுவனங்களுக்குப் பங்கு இருந்தது. அவை விமானப் போட்டியை விரும்பவில்லை. பஸ்ஸா, விமானமா என்று தேர்ந்தெடுக்கும் நெருக்கடி வந்தது. அவர் பஸ்ஸோடு நின்றுகொண்டார். குடும்பம், வேலை என்று யோசிக்கிற எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். 1934ஆம் ஆண்டு முடிவதற்குள் விமானங்கள் விற்பனைக்கு வந்தன.

தீவு மக்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு சிறு நிறுவனம் அந்த வழிகளை எடுத்துக்கொண்டது. நோயாளிகளை ஏற்றும் பணியும் நிற்கவில்லை. கைமாறிக் கைமாறி இன்றும் நடக்கிறது. பாராவில் இப்போதும் மணல்தான் ஓடுதளம். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் அங்கே விமான நேர அட்டவணையே போடுகிறார்கள்.