உள்ளே போன கேமரா

செய்தி சானலில் கேமரா தூக்கியவன் நான். எந்த ஆவணப்படம் பார்த்தாலும் கேமராக்காரர் எங்கே நிற்கிறார் என்பதுதான் முதலில் கண்ணில் படும். ஜப்பானிய இயக்குநர் தட்சுயா மோரியின் 'ஏ' (1998) படத்தில் அவர் நிற்பது ஓம் ஷின்ரிக்யோ அமைப்பின் அலுவலகத்துக்குள். வெளியே ஊரே திரண்டு நின்று திட்டிக்கொண்டிருக்கிறது.

ஷோகோ அசஹாரா 1984-ல் டோக்கியோவில் யோகா வகுப்பாகத் தொடங்கியது அந்த அமைப்பு. 1989-ல் அரசே அதை மத நிறுவனமாக அங்கீகரித்தது. ஃபுஜி மலையடிவாரத்துக் கமிகுயிஷிகி கிராமத்தில் வரிசையாகக் கட்டடங்கள் எழுப்பி, 'சத்யம்' என்று பெயரிட்டு எண் கொடுத்தார்கள். ஏழாம் எண் கட்டடத்தில் சாரின் விஷம் தயாரானது. 1995 மார்ச் 20 காலை, ஐந்து மெட்ரோ ரயில்களில் விஷம் நிரம்பிய பிளாஸ்டிக் பைகளைக் கீழே போட்டுக் குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப்போனார்கள் சீடர்கள். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், பதினான்கு பேர் இறந்தார்கள்.

இதற்கு ஆறு வருடம் முன்பு நடந்த ஒன்றைச் சொல்லாமல் மோரியின் துணிச்சலைப் புரியவைக்க முடியாது. ஓம் அமைப்பிடம் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்காகப் போராடியவர் வழக்கறிஞர் சுட்சுமி சகமோட்டோ. 1989 அக்டோபரில் டிபிஎஸ் தொலைக்காட்சி அவரிடம் பேட்டி எடுத்தது. ஓம் ஆட்கள் நிலையத்துக்கே வந்து நெருக்கியபோது, ஒளிபரப்பாகாத அந்த டேப்பை அவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சகமோட்டோவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நவம்பர் 4 அதிகாலை அவரையும் மனைவியையும் ஒரு வயது மகனையும் ஓம் ஆட்கள் வீடு புகுந்து கொன்றார்கள். டேப்பைக் காட்டியதை நிலையம் ஒப்புக்கொண்டது 1996-ல்தான். என் தொழிலில் இதைவிடப் பெரிய துரோகத்தை நான் அறிந்ததில்லை.

விஷத் தாக்குதலுக்குப் பிறகு எல்லா சானலும் வாசலில் ஓபி வேனை நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் பேய்கள் என்றே காட்டின. மோரி எடுக்கத் தொடங்கியதும் தொலைக்காட்சிக்கான படம்தான். நிறுவனம் கைவிட்டது, சிறிய டிஜிட்டல் கேமராவோடு அவர் தொடர்ந்தார். அமைப்பின் செய்தித் தொடர்பாளரான இளைஞர் ஹிரோஷி அராகியின் பின்னாலேயே போகிறார். நிருபர்கள் சூழ்கிறார்கள், தொலைபேசி ஓய்வதில்லை. "இவ்வளவு நடந்த பிறகும் ஏன் இங்கேயே இருக்கிறாய்?" என்பதுதான் மோரியின் கேள்வி. அராகியிடமிருந்து நேரான பதில் வருவதேயில்லை. அந்தத் தடுமாற்றத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்.

ஒரு காட்சியை நான் பலமுறை திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மஃப்டி போலீஸார் ஒரு சீடரைத் தெருவில் மறிக்கிறார்கள். ஒரு அதிகாரி அவரைக் கீழே தள்ளுகிறார். தள்ளிய கையோடு தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வலியில் துடிக்கிறார். கடமையைச் செய்யவிடாமல் தடுத்ததாகச் சீடர் கைதாகிறார். எல்லாம் மோரியின் டேப்பில் பதிவாகியிருக்கிறது. எடுத்ததை ஒரு தரப்புக்குச் சாட்சியமாகக் கொடுக்கலாமா என்று தயங்கிய பிறகே வழக்கறிஞரிடம் தருகிறார். அந்த மனிதர் விடுதலையாகிறார். 1989-ல் டேப்பைக் காட்டியவர்களுக்கு இந்தத் தயக்கம் ஒரு நிமிடமாவது வந்திருந்தால் மூன்று உயிர் பிழைத்திருக்கும்.

கொலைகாரக் கூட்டத்துக்கு இரக்கம் தேடித்தரும் படம் என்று இதைச் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. படித்த, சாதுவான ஒரு பையன் குருவை விட மறுப்பதை அருகில் பார்ப்பது பேய்க்கதையைவிட அச்சம் தருகிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் படத்தில் இடம் மிகக் குறைவு. அது குறைதான்.

அசஹாராவையும் அவருடைய சீடர்கள் பன்னிரண்டு பேரையும் 2018 ஜூலையில் தூக்கிலிட்டார்கள். கமிகுயிஷிகி 2006-லேயே பக்கத்து ஊர்களோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெயரில் இப்போது தனிக் கிராமம் இல்லை.

ஃபிலிம் சொசைட்டி நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஏ' படத்தைத் திரையிடுங்கள். அதற்கு முன், விஷம் சுவாசித்துப் பிழைத்தவர்களை நேரில் சந்தித்து ஹாருகி முரகாமி தொகுத்த 'அண்டர்கிரவுண்ட்' நூலைப் படித்துவிட்டு வரும்படி பார்வையாளர்களிடம் சொல்லுங்கள்.