விஷப்பாம்பு விற்பனைக்கு: பொறுப்பு யாருக்கு?

இன்னைக்கு எபிசோட ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க அபார்ட்மென்ட்ல பக்கத்து ஃப்ளாட்காரர் ஒரு நாகப்பாம்பு வளர்க்கிறார்னு வெச்சுக்குங்க. காசு கொடுத்து வாங்கினது, கூண்டுல பூட்டி வெச்சிருக்கார். அது அவரோட சொந்த விஷயமா, இல்ல உங்களோட விஷயமும்தானா?

நம்ம ஊர்ல நாகப்பாம்பை வீட்டில் வளர்ப்பதே குற்றம், அதனால் இந்தக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையா தெரியலாம். ஆனா அமெரிக்காவில் பல மாநிலங்களில் விஷப்பாம்பை வாங்கலாம், விற்கலாம், வீட்டில் வளர்க்கலாம்.

2021 ஜூன் கடைசி. வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலே. ஒரு வீட்டு வாசலில் பாம்பு கிடப்பதைப் பார்த்து போலீஸுக்குத் தகவல் போகிறது. அது வரிக்குதிரை நாகம். உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைப் பட்டை, சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் நமீபியா, அங்கோலா பக்கம். கடிக்கவும் செய்யும், தூரத்திலிருந்தே கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்பவும் செய்யும். அந்தப் பகுதி மக்களுக்கு எச்சரிக்கை போனது. இரண்டு நாளில் பாம்பைப் பிடித்துவிட்டார்கள்.

விசாரணையில் வந்த தகவல்தான் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பாம்பு 2020 நவம்பரிலேயே காணாமல் போயிருக்கிறது. வளர்த்தவர் யாரிடமும் சொல்லவில்லை. சுமார் ஏழு மாதம் ஒரு குடியிருப்புப் பகுதியில் நாகம் உலவிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

சரி, அங்க சட்டமே இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 2009ல் வந்த சட்டம். கூண்டு பாம்பு தப்பிக்க முடியாததா இருக்கணும், பூட்டு இருக்கணும். உள்ளே என்ன பாம்பு, அதுக்கு எந்த விஷமுறிவு மருந்துன்னு கூண்டு மேல எழுதி ஒட்டணும். தப்பிச்சா உடனே போலீஸுக்குச் சொல்லணும். எல்லாம் நல்ல விதிகள். ஆனா வாங்குறதுக்கு லைசென்ஸ் வேண்டாம். யார் வேணும்னாலும் வாங்கலாம். கோட் எழுதுறவங்களுக்குச் சட்டுன்னு புரியும்: உள்ளே வரும் டேட்டாவைச் சரிபார்க்கவே இல்லை, எர்ரர் வந்த பிறகு என்ன செய்யணும்னு மட்டும் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்காங்க.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு பார்க்க, கொஞ்சம் பின்னாடி போவோம்.

டூல் பாக்ஸில் வந்த நாகம்

பில் ஹாஸ்ட். 1910ல் நியூஜெர்சியில் பிறந்தவர், சின்ன வயசிலிருந்தே பாம்புப் பைத்தியம். பான் ஆம் விமான நிறுவனத்தில் ஃப்ளைட் எஞ்சினியராக வேலை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆப்பிரிக்கா, இந்தியா என்று பறந்தவர், போன இடங்களிலிருந்து பாம்புகளைத் தன்னுடைய டூல் பாக்ஸில் வைத்தே ஊருக்குக் கொண்டுவந்தார். ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவரும் இருக்க வேண்டிய பெட்டியில் நாகப்பாம்பு!

1947ல் மயாமிக்குத் தெற்கே ‘மயாமி செர்பென்டேரியம்’ என்ற பாம்புக் காட்சியகத்தைத் திறந்தார். பார்வையாளர்கள் முன்னால் வெறும் கையால் பாம்பைப் பிடித்து விஷம் எடுப்பார். அந்த விஷம் ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போகும். 1948லிருந்து தன் உடம்பிலேயே நாக விஷத்தைத் துளித்துளியாக ஏற்றிக்கொண்டார். வாழ்நாளில் 170க்கும் அதிகமான கடிகள் வாங்கி, 2011ல் தன் 100வது வயதில் இறந்தார்.

இதுவரைக்கும் கேட்டா ஹீரோ கதை. ஆனா எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேற ஒரு விஷயம். வெளிநாட்டுப் பாம்பு கடித்து யாராவது உயிருக்குப் போராடினால், ஹாஸ்ட் போய்த் தன் ரத்தத்தைக் கொடுப்பார். அதில் எதிர்ப்புப் பொருள் இருந்தது. ஏன் அவர் ரத்தம்? பொருத்தமான மருந்து பக்கத்தில் இல்லை, அதனாலதான்.

பாம்பு வந்துச்சு, மருந்து வரல

விஷமுறிவு மருந்து தயாரிப்பது எப்படி? குறிப்பிட்ட பாம்பின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுப்பார்கள். எந்தப் பாம்பின் விஷமோ, அதற்கும் அதன் நெருங்கிய சொந்தங்களுக்கும்தான் வேலை செய்யும். அமெரிக்க மருத்துவமனையில் அங்குள்ள கிலுகிலுப்பைப் பாம்புக்கு, அதாங்க வாலை ஆட்டிச் சத்தம் போடுமே, அதுக்கு மருந்து இருக்கும். ஆப்பிரிக்க மாம்பாவுக்கு இருக்காது.

வெளிநாட்டுப் பாம்புகளுக்கான மருந்தைப் பெரும்பாலும் மிருகக்காட்சிசாலைகள்தான் வைத்திருக்கின்றன, அதுவும் தங்கள் ஊழியர்களுக்காக. எந்த மருந்து எங்கே இருக்கிறது என்று தேட ஒரு தனி ஆன்லைன் பட்டியலே உண்டு. ராலேயில் நாகத்தைத் தொலைத்த அதே நபரை, அது பிடிபடுவதற்கு மூன்று மாதம் முன்பு, 2021 மார்ச்சில், அவர் வளர்த்த பச்சை மாம்பா கடித்தது. மருந்து வந்தது பக்கத்து மாநிலமான தென் கரோலினாவின் ரிவர்பேங்க்ஸ் மிருகக்காட்சிசாலையிலிருந்து. அவர் பிழைத்தார், நல்லது. ஆனால் அங்கே தினமும் பாம்புக் கூண்டைத் திறக்கும் ஊழியருக்காக வைத்திருந்த மருந்து அது.

சொந்தப் பணத்தில் வாங்கிய பாம்புதான். ஆபத்து மட்டும் பொதுச் சொத்து ஆகிவிட்டது.

மயாமி இதை முன்கூட்டியே புரிந்துகொண்டது. மயாமி-டேட் தீயணைப்புத் துறை 1998ல் விஷமுறிவு மருந்து வங்கி ஒன்றைத் தொடங்கியது. ஒரு காலத்தில் ஹாஸ்டின் நரம்பில் ஓடியது, இப்போது அரசுக் குளிர்பெட்டியில் இருக்கிறது.

வாசலில் நிறுத்துவதா, வீட்டுக்குள் வந்தபின் தேடுவதா?

பிரிட்டனில் 1960கள், 70களில் சிங்கக்குட்டி வளர்ப்பதுகூட ஃபேஷனாக இருந்தது. லண்டன் ஹாரட்ஸ் கடையில் 1969ல் இரண்டு இளைஞர்கள் சிங்கக்குட்டியே வாங்கினார்கள். 1976ல் ‘ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம்’ வந்தது. விஷப்பாம்பு வளர்க்க உள்ளாட்சி லைசென்ஸ் வேண்டும், கால்நடை மருத்துவர் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும், மற்றவர்களுக்குப் பாதிப்பு வந்தால் ஈடுகட்ட இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துப் பார்த்த சட்டம். ஆனால் ஒரு விசித்திரம்: செல்லப்பிராணிக் கடை லைசென்ஸ் வைத்திருந்தால், இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. வாங்குபவருக்கு இவ்வளவு கேள்வி, விற்பவருக்கு அந்தக் கேள்விகள் இல்லை!

ஃப்ளோரிடா வேறு வழியில் போனது. அங்கே லைசென்ஸ் கேட்பவர் குறைந்தது ஒரு வருடத்தில் 1,000 மணி நேரம் விஷப்பாம்புகளோடு வேலை செய்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். லைசென்ஸ் இல்லாதவருக்கு விற்பதும் குற்றம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. 1,000 மணி நேரம் ஒருத்தர் கூண்டு கழுவியிருந்தால், பாதி ஆசை தானாகவே போயிருக்கும். மீதி இருப்பவர்தான் உண்மையான ஆர்வலர்.

நம்ம ஊர் பதில்

நம்மிடமும் ஒரு பாம்பு வணிகம் இருந்தது. இருளர்கள் பல காலம் தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1976 ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தின. 1978ல் ராமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஈசிஆர்ல வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போயிருந்தா பார்த்திருப்பீங்க.

இங்கே விற்பது விஷம் மட்டும். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலும்தான். எத்தனை பிடிக்கலாம் என்று அரசு அனுமதி சொல்கிறது. சில வாரம் மண்பானையில் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்பு யாருக்கும் சொந்தமாவதில்லை. அந்த விஷம் மருந்தாகி ஊருக்கே வருகிறது.

ஆனா ‘நமக்கு இந்தப் பிரச்சினை இல்லப்பா’ன்னு நிம்மதியா இருக்க முடியாது. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் பாம்பு கடத்தி வந்தவர்கள் சென்னை ஏர்போர்ட்டில் அடிக்கடி பிடிபடுகிறார்கள். பெரும்பாலும் விஷமில்லாத மலைப்பாம்பு வகைகள். நாளைக்கு யாரோ ஒருவர் வெளிநாட்டு விரியன் ஒன்றை ஃப்ளாட்டில் வைத்துக் கடிபட்டால்? நம் அரசு மருத்துவமனையில் இருக்கும் மருந்து அந்த நாலு பாம்புக்கானது. அவசரத்துக்குக் கடன் கேட்க ரிவர்பேங்க்ஸும் பக்கத்தில் இல்லை.

அதனால யாராவது உங்ககிட்ட ‘எக்ஸாட்டிக் பாம்பு இருக்கு, வேணுமா’ன்னு கேட்டா, விலை கேட்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: இது கடிச்சா மருந்து எங்க இருக்கு? அதுக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கிட்ட விற்பனைக்கு எதுவும் இருக்கக் கூடாது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.