சாட்டையடி கொடுக்கும் காளான்



எங்கள் தூத்துக்குடியில் யாருக்காவது உடம்பில் தடிப்பு வந்தால் வீட்டில் வரும் முதல் கேள்வி, "நேத்து நண்டு சாப்பிட்டியா, கருவாடா?" என்பதுதான். பாவம், செய்யாத குற்றத்துக்கும் மீனே பழி சுமக்கிறது! காளானை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஜப்பானில்கூட இது மருத்துவ ஏட்டில் ஏறியது 1977-ல்தான். ஷிட்டாகே என்பது அங்கேயும் சீனாவிலும் பல நூறு ஆண்டுகளாகச் சாப்பிட்டு வரும் காளான். 'ஷீ' என்ற மரத்தில் வளரும் 'டாகே', அதாவது காளான், என்பது பெயரின் பொருள். இதைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிட்ட சிலருக்கு முதுகிலும் நெஞ்சிலும் சாட்டையால் விளாசியது போலச் சிவப்புக் கோடுகள் வருவதை அந்த ஆண்டில் நாகமுரா என்ற மருத்துவர் விவரித்து எழுதினார். அரிப்பும் தாங்காது.

இவ்வளவு காலம் சாப்பிட்டும் ஏன் இத்தனை தாமதம்? ஒரு காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. கோடுகள் உடனே வருவதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்தே வருகின்றன. அதற்குள் நாம் ஐந்தாறு வேளை சாப்பிட்டிருப்போம். பழி கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் விழும்! காமர்ஸ் பாஷையில் சொன்னால், செலவு ஒரு தேதியில், பில் வருவது வேறொரு தேதியில்.

லென்டினன் என்ற பொருள்தான் இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. காளானை நன்றாக வேகவைத்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. இன்னொரு விநோதம், 1960-களில் ஜப்பானிலேயே கண்டுபிடித்த பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தும் இதே போன்ற கோடுகளைப் போடும். அதனால் மருத்துவர் மருந்து, காளான் இரண்டையும் பற்றிக் கேட்டாக வேண்டும்.

பிறகு சரக்கு கப்பலேறியது, நோயும் கூடவே போனது. ஐரோப்பா, அமெரிக்கா என்று பல நாடுகளிலிருந்தும் இதே கதை வந்தது. துறைமுகத்துக்காரர்களுக்கு இது புதிதா என்ன? இன்று நம் நாட்டுப் பெருநகரக் கடைகளிலும் ஷிட்டாகே கிடைக்கிறது.

பயப்பட வேண்டாம். கோடுகள் பொதுவாகச் சில வாரங்களில் தானே மறைந்துவிடும். நம் சந்தையில் விற்கும் சிப்பிக்காளானும் பால்காளானும் வேறு இனங்கள். ஆனால் தோலில் ஏதாவது வந்து மருத்துவரிடம் போனால், நேற்றைய நண்டோடு நிறுத்தாதீர்கள். மூன்று நாள் சாப்பாட்டுக் கணக்கையும் சொல்லுங்கள்!