அரசன் பெயர் இல்லாத கல்

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கு ராஜாக்கள் மேல் தீராத மோகம் உண்டு. கதையில் ஓர் அத்தியாயம் தொய்ந்து போனால் ஒரு கப்பற்படையைக் கிளப்பிவிட்டால் போதும். பாய்கள் விரியும், புலிக்கொடி பறக்கும், சாய்ந்து படித்துக்கொண்டிருந்த வாசகர் நிமிர்ந்து உட்காருவார். இந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை மட்டும் ஒரு கல் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டது. அந்தக் கல்லின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கல் கிடைத்த இடம் சுமத்ரா தீவின் மேற்குக் கரை. சிபோல்கா என்ற துறைமுகப் பட்டினத்துக்கு வடமேற்கே பாருஸ் என்று ஒரு சின்னஞ்சிறு கடற்கரை ஊர் இருக்கிறது. அதை அடுத்தாற்போல் லோபு துவா என்ற கிராமம். முன்னால் இந்து மகாசமுத்திரம். பின்னால் காடு மூடிய மலைத்தொடர். அந்தப் பக்கத்துப் பத்தாக் மக்களின் மொழியில் 'லோபு' என்றால் குடி பெயர்ந்துபோன ஊரின் பழைய இடம். 'துவா' என்றால் பழமை. நாம் 'நத்தமேடு' என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. பெயரே அந்த ஊரின் கதையைச் சொல்லிவிடுகிறது.

இந்தக் கிராமத்தில் 1873-ஆம் ஆண்டில், டச்சுக்காரர்கள் ஆட்சியில், எழுத்துப் பொறித்த ஒரு கல்தூண் உடைந்த நிலையில் அகப்பட்டது. எழுத்து தமிழ். பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932-ல் அதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் எ. சுப்பராயலு இன்னும் நுணுக்கமாகப் படித்துப் பாடம் வெளியிட்டார். கல்லில் குறித்திருக்கும் சக ஆண்டு 1010; மாதம் மாசி. நம் கணக்கில் கி.பி. 1088.

தேதியைப் பார்த்ததும் என் மனம் எங்கே ஓடியிருக்கும் என்று வாசகர்கள் ஊகிக்கலாம். ராஜேந்திர சோழனின் படை கடாரம் சென்றது சுமார் 1025-ல். 1088-ல் சோழ சிம்மாசனத்தில் இருந்தவன் முதல் குலோத்துங்கன். சுமத்ராவில் தமிழ்க் கல்வெட்டு என்றால் அது வெற்றித் தூணாகத்தானே இருக்க வேண்டும்? குலோத்துங்கனின் கப்பல்கள் பாருஸ் கரையில் வந்து இறங்கும் அத்தியாயத்தை மனத்திலே முக்கால்வாசி எழுதி முடித்தும்விட்டேன். பிறகுதான் கல்வெட்டின் வாசகத்தை நிதானமாகப் படித்தேன்.

அதில் குலோத்துங்கன் இல்லை. சோழர் என்ற சொல்லே இல்லை. சண்டை இல்லை, வெற்றி இல்லை. ராஜேந்திரன் வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்ப் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஸ்ரீவிஜயம் இருக்கிறது, பண்ணை இருக்கிறது, மலையூர் இருக்கிறது, இலாமுரி தேசம் இருக்கிறது. வாரோசு இல்லை. வாரோசு என்பதுதான் பாருஸுக்குக் கல் தரும் தமிழ்ப் பெயர்.

அப்படியானால் கல்லில் பேசுகிறவர்கள் யார்? திசையாயிரத்து ஐந்நூற்றுவர். நாடு நாடாகச் சுற்றிச் சரக்கு விற்ற வணிகர்களின் பெருங்கூட்டம். வாரோசுவில் தாங்கள் குடியிருந்த துறைக்கு 'தேசி உய்யக்கொண்ட பட்டினம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே கூடி ஒரு தீர்மானம் செய்கிறார்கள். வருகிற மரக்கலத்தின் நாயகன் கஸ்தூரியின் விலையை அனுசரித்து, பொன்னாக, ஆயம் செலுத்த வேண்டும்; செலுத்திய பிறகே பாவாடையில் ஏறலாம். பாவாடை என்றதும் யாரும் சிரிக்க வேண்டாம். மரியாதைக்கு விரிக்கும் நடைத்துணிக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். அந்த வருமானம் யாருக்கு? நகர சேனாபதி நாட்டுச் செட்டியார் முதலானவர்களுக்கு. அவர்களை ஐந்நூற்றுவர் 'நம் மகனார்' என்று பிரியமாகக் குறிக்கிறார்கள். அறத்தை மறக்காதே, அறமே துணை என்ற பொருளில், நம் ஊர்க் கோயில் சாசனங்கள் முடிவதைப் போலவே இதுவும் முடிகிறது.

சுருங்கச் சொன்னால், இது ஒரு துறைமுகச் சுங்க விதி. இதை வைத்துக்கொண்டு எந்த நாவலாசிரியன் என்ன செய்வான்? அத்தியாயத்தைக் கைவிட்டேன்.

ஆனால் கல் என்னைக் கைவிடவில்லை. இத்தனை தூரம் கடல் கடந்து இந்த மனிதர்கள் எதற்காகப் போனார்கள் என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. பதில், சிலப்பதிகார உரையில் கிடைத்தது. அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்கிக்கொண்டு போகிற இடத்தில் 'வாறோசு' என்று ஒன்றைச் சொல்கிறார். ஊரின் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது! அராபியர் இந்தப் பகுதியைப் பன்சூர் என்றார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் சுமத்ராவில் தங்கிச் சென்ற மார்க்கோ போலோ, பன்சூர்க் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்கும் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தக் கற்பூரம் வானளாவிய ஒரு காட்டு மரத்தின் வயிற்றில் விளைவது. அடிமரத்தின் வெடிப்புகளுக்குள் வெள்ளைப் பளிங்காக உறைந்து கிடக்கும். எல்லா மரத்திலும் இராது. எந்த மரத்தில் இருக்கும் என்று வெளியிலிருந்து நிச்சயமாகச் சொல்லவும் முடியாது. வெட்டிச் சாய்த்துப் பிளந்தால்தான் தெரியும். பல சமயம் உழைப்பெல்லாம் வீண். மலாய் தீபகற்பத்துக் காட்டுக்குடிகள் கற்பூரம் தேடப் போகும்போது அன்றாடப் பேச்சையே விட்டுவிட்டு அதற்கென்று ஒரு தனிப் பாஷை பேசுவார்களாம். கற்பூரம் என்ற சொல்லை உச்சரித்தால் மரம் அதை ஒளித்துக்கொள்ளும் என்பது அவர்கள் பயம்.

சுமத்ராவில் மரத்தைப் பிளந்து, பளிங்கைச் சுரண்டி, மலையிலிருந்து கரைக்குச் சுமந்து வந்த கைகள் யாருடையவை? அந்த மண்ணின் மக்களுடையவை. கல்லில் மரக்கலநாயகனுக்கு இடம் இருக்கிறது. சேனாபதிச் செட்டியாருக்கு இடம் இருக்கிறது. கற்பூரம் எடுத்தவனுக்கு இடம் இல்லை. அரசனை விட்டுவிட்ட கல் என்று வியந்த எனக்கு, அது இன்னொருவனையும் விட்டுவிட்டது என்பது வெகு நாள் கழித்தே உறைத்தது. என்னுடைய கைவிட்ட அத்தியாயத்திலும் அவன் இல்லை.

லோபு துவாவில் 1995 முதல் சில ஆண்டுகள் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களும் இந்தோனேசிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து அகழ்ந்து பார்த்தார்கள். சீனத்துப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள், நம் பக்கத்து மட்பாண்டங்கள் எல்லாம் ஒரே மண்ணில் கலந்து கிடந்தன. ஆக, அது தமிழர் மட்டும் கட்டி ஆண்ட பட்டினமல்ல. பல தேசத்தார் வந்து விலை பேசிய சந்தை. அதிலே தமிழர் ஒரு வலுவான பங்காளி. அவ்வளவே. 'சுமத்ராவை ஆண்ட தமிழன்' என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இது ருசிக்காது. எனக்கு இது இன்னும் பெரிய பெருமையாகப் படுகிறது. படை எடுத்தவன் ஒரு பருவம் தங்கினான். கணக்கு எழுதியவன் அங்கேயே குடியிருந்தான்.

ஆனாலும் அந்தக் குடியிருப்பு நீடிக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய அந்த ஊர், கல் நட்ட சில பத்தாண்டுகளுக்குள் வெறிச்சோடிவிட்டது என்று அகழ்வாராய்ச்சி சொல்கிறது. பூதங்கள் வந்து தாக்கியதால் ஜனங்கள் ஓடிப்போனார்கள் என்பது அந்தப் பக்கத்துக் கதை. தமிழ் அங்கே மௌனமாயிற்று. வடக்கே காரோ மலைநாட்டில் செம்பிரிங் என்ற குலத்தாருக்குள் சோலியா, பாண்டியா என்ற கிளைப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. இவை நம்மவர் விட்டுச் சென்ற தடம் என்று பலர் கருதுகிறார்கள். அந்தப் பெயருடையவர்கள் பேசுவது காரோ மொழி.

இன்று இந்தோனேசியக் கடைகளில் 'காபூர் பாருஸ்' என்று கேட்டால் பூச்சி அரிக்காமல் துணிப்பெட்டியில் போடும் வெள்ளை உருண்டையைக் கொடுப்பார்கள். ஒரு காலத்தில் பொன்னோடு தராசில் நின்ற பெயர்!

என் வீட்டுத் துணிப்பெட்டியிலும் அந்த உருண்டை உண்டு. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் காட்டில் ஒருவன் மூச்சடக்கி மரத்தடியில் நிற்பது எனக்குத் தெரிகிறது. அவன் பெயரை எந்தக் கல்லும் எனக்குச் சொல்லப் போவதில்லை. அடுத்த நாவலை அவனிடமிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.