காசநோய்த் தோல் பரிசோதனையும் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளும்: பெற்றோரின் ஐயங்களுக்கு விளக்கம்

காசநோய் என்பது மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ் என்னும் நுண்கிருமியால் உண்டாகும் தொற்றுநோய் ஆகும். நுரையீரல் காசநோய் உள்ள ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமிகள் காற்றில் கலந்து, அருகில் இருப்போரின் நுரையீரலைச் சென்றடைகின்றன. குழந்தைகளுக்கு இக்கிருமி பெரும்பாலும் உடன் வாழும் பெரியவர்களிடமிருந்தே பரவுகிறது. எனவே, ஒரு வீட்டில் எவருக்கேனும் காசநோய் உறுதி செய்யப்பட்டால், அவ்வீட்டிலுள்ள குழந்தைகளைப் பரிசோதிப்பது தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் இன்றியமையாத பகுதியாகும்.

அவ்வேளையில் பெற்றோர் பலருக்கு ஐயங்கள் எழுகின்றன. பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி போடப்பட்ட குழந்தைக்குப் பரிசோதனை எதற்கு? கையில் தடிப்பு தோன்றினால் நோய் வந்துவிட்டது என்று பொருளா? பரிசோதனை முடியும்வரை மற்ற தடுப்பூசிகளை நிறுத்தி வைக்க வேண்டுமா? இக்கேள்விகளுக்கான விளக்கங்கள் கீழே தரப்பட்டுள்ளன.

முக்கியக் குறிப்புகள்

• தோல் பரிசோதனை தடுப்பூசி அன்று. அதில் உயிருள்ள கிருமி இல்லை. அதனால் காசநோய் உண்டாகாது.
• தடிப்பு தோன்றுவது கிருமித் தொற்று இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறி மட்டுமே. நோய் உள்ளதா என்பதை மற்றப் பரிசோதனைகளே உறுதி செய்யும்.
• தடிப்பு தோன்றாததால் மட்டும் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று முடிவு செய்ய இயலாது.
• பரிசோதனைக்காக எந்தத் தடுப்பூசியையும் தவறவிடக் கூடாது.
• வீட்டில் நுரையீரல் காசநோயாளி இருப்பின், 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை என உறுதி செய்தபின், தோல் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் தடுப்பு மருந்து தொடங்கப்படும்.

தொற்றும் நோயும் ஒன்றல்ல

கிருமி உடலுக்குள் புகுந்த அனைவரும் நோயாளி ஆவதில்லை. பெரும்பாலோரிடம் நோய் எதிர்ப்பாற்றல் கிருமியைக் கட்டுப்படுத்தி உறங்குநிலையில் வைத்திருக்கிறது. இதுவே மறைநிலைத் தொற்று எனப்படும். இந்நிலையில் இருமலோ காய்ச்சலோ இராது, பிறருக்கும் பரவாது. இத்தகைய பெரியவர்களுள் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது.

குழந்தைகளின் நிலை வேறு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொற்று ஏற்பட்டுத் தடுப்பு மருந்து தரப்படாவிடில், பத்துக் குழந்தைகளுள் மூன்று முதல் ஐந்து பேருக்கு நோயாக மாறும் வாய்ப்பு உள்ளது. அதிலும் மூளையுறையைத் தாக்கும் காசநோயும், இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவும் காசநோயும் இவ்வயதினரிடமே மிகுதி. எனவேதான் சிறு குழந்தைகள் தொடர்பான பரிசோதனைகளில் காலம் தாழ்த்தக் கூடாது என வலியுறுத்தப்படுகிறது.

பி.சி.ஜி. தடுப்பூசி எதைத் தடுக்கிறது?

பிரெஞ்சு அறிஞர்கள் கால்மெட், கெரான் ஆகியோர் உருவாக்கிய இத்தடுப்பூசி 1921-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பாரிசில் ஒரு குழந்தைக்கு அளிக்கப்பட்டது. வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள கிருமியால் ஆனது. இந்தியாவில் பிறந்தவுடன் அல்லது ஒரு வயது நிறைவதற்குள், இடது மேற்கையில் தோலுக்குள் ஒரே ஒரு முறை செலுத்தப்படுகிறது.

இத்தடுப்பூசி குறித்த ஐயம் தமிழகத்தில் புதிதன்று. 1955-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர் இராஜாஜி அவர்களே இதனைப் பொதுமக்களுக்குப் பரவலாகப் போடுவதை எதிர்த்து எழுதினார். பின்னர் 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் மிகப்பெரிய கள ஆய்வு ஒன்று தொடங்கப்பட்டது. மக்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த அந்த ஆய்வு, பெரியவர்களுக்கு ஏற்படும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை எனக் காட்டியது.

அவ்வாறாயின் அதனை ஏன் தொடர்ந்து போட வேண்டும் எனப் பெற்றோர் கேட்பது நியாயமே. இளங்குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் மூளையுறைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. அப்பயனுக்காகவே அது போடப்படுகிறது. ஆயினும் கிருமித் தொற்றே ஏற்படாமல் காக்கும் முழுக் கவசம் அதுவன்று. ஆகவே, தடுப்பூசி போட்ட குழந்தையையும் நோயாளியுடன் வாழும் சூழலில் பரிசோதிக்க வேண்டியது அவசியமாகிறது.

ஊசி போட்ட இடத்தில் புண் உண்டாவது இயல்பா?

ஆம். இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்குப் பின் சிறு கொப்புளம் தோன்றி, மெல்லப் பெரிதாகி, உடைந்து புண்ணாகி, சில வாரங்களில் தானே ஆறித் தழும்பாகும். அவ்விடத்தில் களிம்போ மஞ்சளோ சாம்பலோ பூச வேண்டாம், பிதுக்க வேண்டாம், தூய்மையாக வைத்திருந்தால் போதுமானது. அக்குளில் சிறு நெறி கட்டுவதும் உண்டு. அது பெரிதாகி மென்மையானாலோ, சீழ் வைத்தாலோ, புண் மூன்று மாதங்களுக்கு மேல் ஆறாதிருந்தாலோ மருத்துவரிடம் காட்டவும்.

சில குழந்தைகளுக்குத் தழும்பு தோன்றுவதில்லை. அதனால் தடுப்பூசி பயனற்றுப் போயிற்று என்று கருத வேண்டாம். மீண்டும் போட வேண்டியதும் இல்லை. பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவதற்கு முன் தோல் பரிசோதனை எதுவும் தேவையில்லை. குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றோ பிறவியிலேயே நோய் எதிர்ப்புக் குறைபாடோ இருப்பின், அல்லது பிரசவ காலத்தில் தாய்க்குக் காசநோய் இருப்பின், அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மாண்டூ தோல் பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தப்பட்ட டியூபர்குலின் எனும் புரதம் 0.1 மில்லி லிட்டர் அளவில், மிக மெல்லிய ஊசியால் முன்கையின் உட்புறத் தோலுக்குள் செலுத்தப்படுகிறது. உடனே சிறு குமிழ் எழும். சிறிது நேரத்தில் மறைந்துவிடும். குழந்தை வழக்கம்போல் குளிக்கலாம், விளையாடலாம். அவ்விடத்தைச் சொறியாமலும், தைலம் தேய்க்காமலும், கட்டுப் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

48 முதல் 72 மணி நேரத்திற்குள் பயிற்சி பெற்ற பணியாளர் அவ்விடத்தைத் தொட்டுப் பார்த்து அளப்பார். அளக்கப்படுவது தோலின் சிவப்பு அன்று. கையால் உணரத்தக்க கெட்டியான தடிப்பின் அகலமே. ஆகவே வீட்டிலிருந்தபடியே பார்த்து முடிவு செய்யாதீர்கள். புகைப்படம் அனுப்புவதும் போதுமானதன்று. வியாழன், வெள்ளிக் கிழமைகளில் ஊசி போட்டால் அளக்க வேண்டிய நாள் வார இறுதியில் அமையும். அந்நாளில் மருத்துவமனையில் அளப்பவர் இருப்பாரா என்பதை முன்னரே கேட்டறிந்து நாளைத் தேர்ந்தெடுங்கள். குறித்த நேரம் தவறிவிட்டாலும் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனையைத் திரும்பச் செய்வதா என்பதை அவர்கள் முடிவு செய்வர்.

தடிப்பு 10 மில்லி மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால்

நம் நாட்டில் குழந்தைகளுக்குப் பொதுவாக இந்த அளவே தொற்று இருப்பதற்கான அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்கு 5 மில்லி மீட்டரே போதுமானது.

"பி.சி.ஜி. போட்டதால்தான் தடித்திருக்கிறது" என்று சிலர் கூறுவதுண்டு. பி.சி.ஜி. போட்ட குழந்தைக்கு இப்பரிசோதனையில் ஓரளவு தடிப்பு தோன்றக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் பிறந்தவுடன் போடப்பட்ட ஊசியின் இவ்விளைவு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துவிடும். உலகக் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழும் நாட்டில், அதிலும் வீட்டிலேயே நோயாளி இருக்கும்போது, தடிப்பைத் தடுப்பூசியின் விளைவு என ஒதுக்குவது ஆபத்தானது. பி.சி.ஜி. தடுப்பூசியால் பாதிக்கப்படாத இக்ரா எனும் இரத்தப் பரிசோதனையும் உள்ளது. தேவையெனில் மருத்துவர் அதனைப் பரிந்துரைப்பார்.

அடுத்த கட்டமாக மருத்துவர் குழந்தையின் எடையைப் பார்ப்பார். கழுத்தில் நெறி உள்ளதா எனச் சோதிப்பார். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். நோய் இல்லையெனில் தடுப்பு மருந்தும், நோய் இருப்பின் முழுச் சிகிச்சையும் தொடங்கப்படும். நோயின்றித் தடிப்பு மட்டும் உள்ள குழந்தையால் பிறருக்குத் தொற்று பரவாது. அக்குழந்தை அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ செல்லத் தடையில்லை.

ஒருமுறை தடிப்பு உறுதியானபின், சிகிச்சை முடிந்தாலும் அது பல ஆண்டுகள் அவ்வாறே தோன்றக்கூடும். எனவே முடிவு எழுதப்பட்ட சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தேவையின்றி மீண்டும் பரிசோதிக்க வேண்டியதில்லை.

தடிப்பு தோன்றாவிடில்

இது நற்செய்தியாக இருக்கலாம். ஆனால் முழு உறுதி அன்று. கிருமி புகுந்த பின் உடல் எதிர்வினை காட்டத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பரிசோதித்தால் தடிப்பு தோன்றாது. ஊட்டச்சத்துக் குறைபாடு, அண்மையில் கண்ட தட்டம்மை, எச்.ஐ.வி. தொற்று, ஸ்டீராய்டு மருந்துகள், மிக இளம் வயது, முற்றிய காசநோய் ஆகியவையும் தடிப்பை மறைக்கக்கூடும். குழந்தைக்கு அறிகுறிகள் இருப்பின், தடிப்பு இல்லை என்பதற்காக மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

மற்றத் தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் போன்ற, உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசிகள் இப்பரிசோதனையைப் பாதிப்பதில்லை.

தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியில் மட்டும் கவனம் தேவை. 9 முதல் 12 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்திலும் போடப்படும் இத்தடுப்பூசியில் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் உள்ளது. அது சில வாரங்களுக்குத் தோலின் எதிர்வினையைத் தற்காலிகமாகக் குறைக்கக்கூடும். தொற்று இருந்தும் தடிப்பு தோன்றாமல் போகலாம். ஆகவே:

• பரிசோதனையையும் தடுப்பூசியையும் ஒரே நாளில் செய்துகொள்ளலாம்.
• பரிசோதனை முதலில் முடிந்துவிட்டால், தடுப்பூசியை எந்நாளிலும் போடலாம்.
• தடுப்பூசி ஏற்கெனவே போடப்பட்டிருந்தால், பரிசோதனையை நான்கு வாரங்களுக்குப் பின் செய்வது நல்லது. அவசரம் இருப்பின் மருத்துவர் காத்திருக்க மாட்டார். தடுப்பூசி போட்ட தேதியை மட்டும் அவரிடம் கூறுங்கள்.

இதன் பொருட்டு ஒவ்வொரு முறையும் தாய் சேய் நல அட்டையை எடுத்துச் செல்லுங்கள். காசநோய்க்கான தடுப்பு மருந்து உட்கொள்ளும் குழந்தைக்கும் அட்டவணைப்படி மற்றத் தடுப்பூசிகளைப் போட வேண்டும்.

வீட்டில் காசநோயாளி இருக்கும்போது

5 வயதுக்குட்பட்ட குழந்தையை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் இல்லையென உறுதியானதும் தடுப்பு மருந்து தொடங்கப்படும். பொதுவாக ஐசோனியாசிட் என்னும் மருந்து, எடைக்கேற்ற அளவில் நாள்தோறும் 6 மாதங்கள் தரப்படுகிறது. வேறு மருந்து முறைகளும் உண்டு. வயதையும், நோயாளிக்குள்ள கிருமியின் மருந்து எதிர்ப்புத் தன்மையையும் பொறுத்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். குழந்தை நலமாகத் தோன்றுவதால் மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். தொடர் வாந்தி, கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல் ஆகியவை தோன்றினால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்துவைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சென்னையிலேயே கிடைத்தது. 1956-இல் இங்குத் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு, முறையாக மருந்து உட்கொள்ளும் நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெறுவதால் குடும்பத்தினருக்கு ஆபத்து கூடுவதில்லை என உலகுக்குக் காட்டியது. நோயாளி தவறாமல் மருந்து உட்கொள்வதும், தொடக்க வாரங்களில் முகக்கவசம் அணிவதும், வீட்டில் காற்றோட்டம் இருப்பதுமே தேவை. காசநோயுள்ள தாய் முகக்கவசம் அணிந்து, மருத்துவரின் ஆலோசனையுடன் தாய்ப்பால் ஊட்டலாம்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல்
• எடை குறைதல் அல்லது கூடாதிருத்தல்
• கழுத்தில் வலியற்ற நெறிக்கட்டி
• சுறுசுறுப்பின்றிச் சோர்ந்திருத்தல், விளையாட மறுத்தல்
• தொடர் வாந்தி, தலைவலி, கழுத்து விறைப்பு, வலிப்பு, மயக்கம். இவை மூளையுறைக் காசநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

எங்கு அணுகலாம்?

காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் தடுப்பு மருந்தும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிவு பெறலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணையும், தேசிய காசநோய் உதவி மையத்தின் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணையும் தொடர்பு கொள்ளலாம்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் குழந்தைக்கான மருத்துவ முடிவுகளை மருத்துவரின் நேரடி ஆலோசனையின் பேரிலேயே மேற்கொள்ளவும்.