சுகர் போயாச்சா?

போன வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து காரோட்டுக்கு போன் போட்டேன். சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்து ரெண்டு மாசம். "மாசமா இருந்தப்போ சுகர்னு சொன்னாங்களே, இப்போ எப்படி?"ன்னு கேட்டேன். சித்தி முந்திக்கிட்டு, "அது பிள்ள பெத்ததோட போயாச்சு மக்கா" என்றார். அந்த 'போயாச்சு'தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

கொஞ்சம் சரித்திரம். 1964-ல் பாஸ்டனில் ஓ'சல்லிவன், மாஹன் என்ற இருவர் கர்ப்பிணிகளின் ரத்தச் சர்க்கரைக்கு ஒரு எல்லைக்கோடு போட்டார்கள். எதை வைத்துத் தெரியுமா? அந்தப் பெண்களில் யாருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் என்பதை வைத்து. ஆக, தொடக்கத்திலேயே இது பிரசவத்தோடு முடிகிற கதை இல்லை.

நம்ம பக்கம், 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்குத் தனித்துறை தொடங்கிய டாக்டர் வி. சேஷய்யா இதைக் கையிலெடுத்தார். வெறும் வயிறாக வரவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ஒரு சோதனை. 140-ஐத் தொட்டால் சிகிச்சை. பஸ் பிடித்து வரும் ஏழைப் பெண்ணை மனதில் வைத்த ஏற்பாடு. 2007-ல் தமிழ்நாட்டு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது. 2014-ல் மத்திய அரசும் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் பிரசவமாகி 6 வாரத்தில் மறுசோதனையும் உண்டு. நடைமுறையில் பலர் கோட்டை விடுவது இதைத்தான்.

கர்ப்பகாலத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு என்று 2009-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. பயப்பட மட்டும் இல்லை, தெம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் இப்படிப்பட்ட பெண்களுக்குச் சாப்பாடு, எடை, வாரம் 150 நிமிட நடை என்று பாடம் நடத்தினார்கள். மூணு வருஷத்தில் ஆபத்து பாதியானது. பத்து வருஷம் கழித்தும் 35 சதவீதம் குறைவு.

1956-ல் எல்லை போட்டபோது நாங்கள் கேரளத்துப் பக்கம் நின்றுவிட்டோம். தட்டில் என்னவோ ரெண்டு பக்கமும் அதே மரச்சீனியும் மீன்கறியும்தான். தங்கச்சி கர்ப்பமாயிருந்தப்போ கிழங்கை அளந்து சாப்பிட்டாள், விரலில் குத்தி எழுதி வைத்தாள். அந்த நோட்டு இப்போ எங்கேன்னு கேட்டேன்.

"பரண்மேல இருக்கு அண்ணா."

இறக்கி வை, திங்கட்கிழமை டெஸ்ட் எடுன்னு சொல்லியிருக்கேன். உங்க வீட்டுப் பரணையும் ஒருதடவை பாருங்க.