சர்க்கார் வண்டி, பரிசு வண்டி

புதுக்கோட்டைக் கிராமங்களில் ஒரு காலத்தில் ஜீப் என்றால் சர்க்கார். தூரத்தில் செம்மண் புழுதி எழும்பினாலே தாசில்தாரோ பி.டி.ஓ.வோ வருகிறார் என்று கம்மாய்க்கரையில் நிற்பவர் சொல்லிவிடுவார். வரிபாக்கி வைத்திருந்தவர் வேலிப்பக்கம் ஒதுங்குவார்.

ஜீப்பின் பிறப்பு போரில். 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் கம்பெனி செய்துகொடுத்த வண்டி அது. 1945 அக்டோபர் 2-ல் லூதியானாவில் தொடங்கிய மகிந்திரா அண்டு முகமது, பின்னாளில் அதை உதிரியாகத் தருவித்து பம்பாயில் பூட்டி விற்றது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினையோடு பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948-ல் கம்பெனி மகிந்திரா அண்டு மகிந்திரா ஆனது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் அதே ஆண்டு மார்ச்சில்தான்.

உயர்ந்த பொனட் கொண்ட சிஜே-3பி ஜீப் மாடலை அமெரிக்கா 1968-ல் கைவிட்டது. இங்கே அதன் வாரிசுகள் ஓடிக்கொண்டே இருந்தன. நாலு பக்கமும் கமான் பட்டை, தார்ப்பாய்க் கூரை, முன்கண்ணாடியை மடித்து பொனட்மேல் சாய்க்கலாம். முதுகெலும்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும். ஆனால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ஸ்பானரும் சுத்தியலும் இருந்தால் வண்டி கிளம்பிவிடும். அந்தச் சுகத்தைப் புதிய வண்டி தராது என்பது என் கட்சி.

2010-ல் மகிந்திராவின் முதல் ‘தார்’ வண்டி வந்தது. முன்பக்கம் சொகுசு, பின்னால் மட்டும் அதே கமான் பட்டை: பாதிப் பழசு. முழுதாக மாறியது 2020 அக்டோபர் 2-ல், கம்பெனிக்கு 75 வயதான அன்று. செங்கல்பட்டுப் பக்கத்து ஆராய்ச்சி மையத்தில் உருவாகி நாசிக்கில் தயாரான வண்டி. நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங், ஆட்டோமேட்டிக் கியர், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் திறன், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம். ஏர்பேக் இல்லாத, கதவே இல்லாத பழைய ஜீப்பில் மோதினால் கடவுள் விட்ட வழி. அந்த விஷயத்தில் பழசுக்காக வாதாட முடியாது.

வண்டி மாறியதைவிட ஆள் மாறியதுதான் பெரிது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் புதிய ஜல்லிக்கட்டு அரங்கம் திறந்தபோது மாடுபிடி வீரருக்கு முதல் பரிசு ஒரு தார். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும் தச்சங்குறிச்சியும் விராலிமலையும் உள்ள இந்த மாவட்டத்து இளவட்டங்களுக்கு அது சர்க்கார் வண்டி அல்ல, வாடிவாசலில் காளையின் திமிலைப் பிடித்து வெல்கிற வண்டி.

2023 முதல் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் மலிவுத் தாரும் விற்கிறது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மலையே அதிகமில்லாத இந்தப் பொட்டல் பூமியில் பெரும்பாலான நாளுக்கு அது போதும். ஐப்பசி மழையில் கம்மாய்ச் சேற்றில் சிக்கினால் மட்டும் டிராக்டரைக் கூப்பிட வேண்டும். அதுவும் மகிந்திராவாகவே இருக்கலாம்.